மேடு கேட்பது வீம்பன்று

மனிதன் தன் கால்களின் ஆற்றலை மட்டும் நம்பி நெடுந்தொலைவு செல்வதற்கென ஆக்கிக்கொண்ட ஊர்திகளுள் மிதிவண்டிக்கு இணையானது வேறொன்றில்லை. அதற்கு எண்ணெய் வேண்டா, தீனியும் வேண்டா. ஏழையின் வாயிற்படியிலும் அது சாய்ந்து நிற்கும். செல்வரின் மாளிகையிலும் இடம் பெறும். இத்தகைய எளிய நண்பனைக்கூட மனிதனுடைய வீம்பு விட்டுவைப்பதில்லை என்பதே வருத்தத்திற்குரியது. மிதிவண்டி மேடேறும்போது அந்த வீம்பு எங்கே குடிகொள்கிறது என்று கேட்டால், பின்சக்கரத்தின் பற்களுக்கிடையே என்றுதான் விடை கூற வேண்டும்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சாலை மிதிவண்டி ஓட்டம் பலருடைய வாழ்வில் இடம் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் உலு லங்காட் சாலையோரம் நின்று பார்ப்பவர் இதனை நன்கு அறிவர். வளைந்த கைப்பிடியும் ஒடுங்கிய டயரும் கொண்ட வண்டிகளில் இளைஞர் மட்டுமல்லர். நாற்பதைக் கடந்த ஆசிரியர்களும் அலுவலர்களும் இல்லத்தரசியரும் அணியணியாகச் செல்கின்றனர். நீரிழிவும் இதய நோயும் வீட்டுக்கு வீடு புகுந்துவிட்ட இக்காலத்தில் இது போற்றத்தக்க மாற்றமே. ஆனால், ஆவலோடு வாங்கப்பெற்ற புதிய வண்டிகள் சில மாதங்களிலேயே அடுக்குமாடி வீட்டு நடைவழியில் தூசு படிந்து நிற்பதும் உண்டு. கேட்டால், "வயதாகிவிட்டது, மேடு ஒத்துவரவில்லை" என்பார்கள். மேடு அவர்களுக்கு ஒத்துவரவில்லையா, அல்லது அவர்கள் ஏறிய கியர் அவர்களுக்கு ஒத்துவரவில்லையா என்று எவரும் கேட்பதில்லை. இக்கேள்வியைக் கேட்காமல் விடுவதால்தான் நல்ல மனிதர்கள் பலர் மலையை இழந்து போகின்றனர்.

புதிதாக வருபவரின் காதில் ஓதப்படும் உபதேசங்கள் மூன்று. இலகுவான கியர் சோம்பேறிக்கு உரியது என்பது முதலாவது. பந்தய வீரர்கள் பெரிய கியரில் ஏறுகிறார்கள், ஆகவே கற்பவரும் அவ்வாறே ஏற வேண்டும் என்பது இரண்டாவது. முதலில் துன்பமாக இருந்தாலும் நாளடைவில் உடல் பழகிப் போகும் என்பது மூன்றாவது. இம்மூன்றும் கேட்பதற்கு வீரம் செறிந்தவை. ஆராய்ந்து பார்த்தால் மூன்றும் பிழையானவை.

முதலாவதை எடுத்துக்கொள்வோர் கியர் என்பது என்ன செய்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். மிதிகட்டையோடு இணைந்த முன் பற்சக்கரத்தில் 39 பற்களும் பின்சக்கரத்தின் மிகப்பெரிய பற்சக்கரத்தில் 25 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். பழைய பந்தய வண்டிகளில் மேடேறுவதற்கு அமைந்த கியர் பெரும்பாலும் இத்தகையதே. இதில் மிதி ஒருமுறை சுற்றினால் வண்டி ஏறத்தாழ 3.3 மீட்டர் முன்னேறும். முன்னால் 34 பற்களும் பின்னால் 34 பற்களும் இருந்தாலோ ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டரே முன்னேறும். இனி, 75 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோ எடையுள்ள வண்டியோடும் நீரோடும், 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் சாலையில் ஏறுகிறார் என்க. அவருடைய கால்கள் இடைவிடாது தரக்கூடிய ஆற்றல் 150 வாட் என்றால், மணிக்கு 6 கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த வேகத்திலேயே அவரால் செல்ல முடியும். பழைய பந்தயக் கியரில் அவர் நிமிடத்திற்கு 31 முறை மட்டுமே மிதிப்பார். இலகுவான கியரில் 49 முறை மிதிப்பார். சமதரையில் 80, 90 முறை சுற்றிப் பழகிய கால் 31 முறை சுற்றும் நிலைக்கு வந்துவிட்டால், அது ஓட்டமன்று; ஒவ்வொரு மிதியும் ஒரு மூட்டையைத் தூக்கி வைப்பதற்கு ஒப்பாகும். வேகம் ஒன்றே, ஆற்றலும் ஒன்றே. ஆயினும் ஒவ்வொரு மிதியிலும் கால் கொடுக்க வேண்டிய அழுத்தம் முதற்கியரில் ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. அந்த மிகுதியை எல்லாம் முழங்கால்தான் சுமக்கிறது.

இங்கே ஓர் உண்மையைத் தெளிவாக மனத்திற் கொள்ள வேண்டும். கியர் உழைப்பைக் குறைப்பதில்லை. 85 கிலோ எடையை 100 மீட்டர் உயரத்திற்குக் கொண்டுசெல்லத் தேவைப்படும் வேலை எந்தக் கியரிலும் மாறுவதில்லை. கியர் அந்த வேலையைச் சிறு கூறுகளாகப் பகுத்துத் தருகிறது, அவ்வளவே. வீட்டு மாடிக்குப் படி கட்டும் கொத்தனார் ஒவ்வொரு படியையும் இரண்டு மடங்கு உயரமாகக் கட்டினால், படிகளின் எண்ணிக்கை பாதியாகும். மாடி அதே மாடிதான். அப்படிக் கட்டிய கொத்தனாரை எவரேனும் வீரர் என்று பாராட்டுவரா? முழங்கால் அளவு உயர்ந்த படியில் ஏற முடியாத முதியவரைச் சோம்பேறி என்று இகழ்வரா? படிக்கட்டில் எவருக்கும் தோன்றாத வெட்கம் பற்சக்கரத்தில் மட்டும் ஏன் தோன்ற வேண்டும்?

இந்த வெட்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1903இல் தொடங்கிய பிரான்சு நாட்டுச் சுற்றுப் பந்தயத்தைத் தோற்றுவித்த அன்ரி தெக்ராஞ்ஜ், ஓடும்போதே கியர் மாற்றும் கருவியைப் பல்லாண்டுகள் எதிர்த்து நின்றவர். வெற்றி வீரனின் தசையால் வரவேண்டுமேயன்றிக் கருவியால் வரலாகாது என்பது அவர் கொள்கை. 1910ஆம் ஆண்டு அப்பந்தயம் பிரனீசு மலைகளுக்குள் புகுந்தது. 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயை முதலாவதாகக் கடந்த ஒக்தாவ் லப்பீஸ், அம்மேட்டின் சில பகுதிகளில் வண்டியை விட்டிறங்கி நடக்க வேண்டியதாயிற்று. அவரே அவ்வாண்டுப் பந்தயத்தின் வெற்றி வீரர்! அக்காலத்து வீரர்கள் மேட்டின் அடியில் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கத்திலிருந்த வேறு பற்சக்கரத்துக்குத் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினர். உச்சியில் மீண்டும் இறங்கித் திருப்பினர். கியர் மாற்றம் தேவை என்பதை இதனினும் வெளிப்படையாக எப்படிக் கூற முடியும்? தேவையை ஒப்புக்கொண்டு கருவியை மட்டும் மறுத்த அந்த முரண்பாடு, 1936இல் தெக்ராஞ்ஜ் உடல்நலம் குன்றிப் பொறுப்பிலிருந்து விலகும் வரை நீடித்தது. 1937இல்தான் முன்னணி வீரர்களுக்குக் கியர் மாற்றும் கருவி அனுமதிக்கப்பட்டது. அவ்வாண்டு அதனைப் பயன்படுத்தி வென்றவர் ரொஜே லப்பெபீ. அதன்பின் அப்பந்தயத்தின் பெருமை குறைந்தது என்று இன்று எவரும் கூறுவதில்லை.

அதே பிரான்சு நாட்டில், பந்தயத்திற்கு வெளியே, நேர்மாறான எண்ணம் கொண்ட ஒருவர் வாழ்ந்தார். செந்த் எத்தியேன் நகரத்துப் போல் தெ விவி என்னும் அவர் 1853இல் பிறந்து 1930இல் மறைந்தவர். 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதியவர். 1887இல் மிதிவண்டிக்கென்றே ஓர் இதழைத் தொடங்கி நடத்தியவர். தம் ஊரை அடுத்த மலைச்சாலையிலேயே பல கியர்கள் கொண்ட வண்டிகளை ஓட்டிப் பார்த்து, அவற்றின் பயனை எடுத்துரைத்தார். இவருடைய நோக்கம் வெற்றி வீரன் ஒருவனைத் தேர்ந்தெடுப்பதன்று. எளிய மனிதர் எல்லாரும் மலைகளைக் கண்டு மகிழ வேண்டும் என்பதே. தெக்ராஞ்ஜுக்கு மலை, மனிதரை வடிகட்டும் சல்லடை. வெலோசியோவுக்கு மலை, மனிதரை வரவேற்கும் வாயில். அந்த மலைச்சாலையின் உச்சியில் இன்று வெலோசியோவுக்கு நினைவுச் சின்னம் நிற்கிறது. ஞாயிறுதோறும் வண்டியேறும் ஆசிரியரும் அலுவலரும் இவ்விருவருள் யாரைப் பின்பற்ற வேண்டும் என்பதைக் கூறவும் வேண்டுமோ?

இரண்டாவது உபதேசம் பந்தய வீரர்களைச் சான்றாகக் காட்டுவது. சான்று காட்டுவோர் வீரர்களின் பெரிய பற்சக்கரத்தைப் பார்க்கிறார்களேயன்றி, அவர்களின் கால்களைப் பார்ப்பதில்லை. தேர்ந்த பந்தய வீரர் ஒருவர் நெடிய மேட்டில் தரும் ஆற்றல் சாதாரண மனிதர் தருவதைப் போல இரண்டு மடங்கும் அதற்கு மேலும் ஆகும். அவர் உடல் எடையோ பெரும்பாலும் குறைவு. ஆகவே, அவர் பெரிய கியரில் ஏறினாலும் அவருடைய கால்கள் விரைந்தே சுற்றுகின்றன. கற்பவர் பின்பற்ற வேண்டுவது அவருடைய பற்களின் எண்ணிக்கையை அன்று. அவருடைய கால்கள் சுற்றும் எளிமையை. அதுவுமன்றி, கடுமேடு வந்துவிட்டால் அவ்வீரர்களே இலகுவான கியரை நாடுகின்றனர். இத்தாலியின் சொன்கொலான், இசுபெயினின் ஆங்லிரு ஆகிய செங்குத்தான சாலைகளில் பந்தயம் நடைபெறும் நாளில், அணிகளின் பொறியாளர்கள் முன்னால் சிறிய பற்சக்கரத்தையும் பின்னால் பெரிய பற்சக்கரத்தையும் மாட்டித் தருவது வழக்கம். ஆங்லிருவில் 100 மீட்டருக்கு 20 மீட்டருக்கும் மேல் உயரும் பகுதிகள் உண்டு. உலகின் தலைசிறந்த கால்கள் மேட்டைக் கண்டு பற்களை மாற்றும்போது, வாரம் ஒருமுறை ஓட்டுபவர் மாற்ற மறுப்பது வீரமா, அறியாமையா?

ஆங்கிலத்தில் மிக இலகுவான கியரை எள்ளி நகையாடி, 'பாட்டியின் கியர்' என்று அழைப்பதுண்டு. மலேசியத் தமிழ் இளைஞர் சிலரும் அப்பெயரைக் கூறிச் சிரிக்கின்றனர். அவர்கள் தம் பாட்டிமாரை எண்ணிப் பார்ப்பது நன்று. விடியுமுன் எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பால்மரக்காட்டின் சரிவுகளில் மரம் மரமாக ஏறி இறங்கியவர்கள் அப்பாட்டிமார். நிறைந்த பால் வாளிகளைக் காண்டாவில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து நடந்தவர்கள். அவர்கள் நீண்ட அடி வைத்து நடந்தார்களா? இல்லை. பால் தளும்பாதவாறு, மூச்சு முட்டாதவாறு, சிற்றடி வைத்தே நடந்தார்கள், மறுநாளும் நடந்தார்கள், ஆண்டுக்கணக்காக நடந்தார்கள். தோட்டத்து மேட்டில் சுமையோடு மிதிவண்டியை விட்டிறங்கித் தள்ளிச் சென்ற தாத்தாமாரும் அதற்காக நாணியதில்லை. வாழ்வதற்காக மேடேறியவர்களுக்கு இல்லாத வீம்பு, பொழுதுபோக்காக மேடேறுபவர்களுக்கு எங்கிருந்து வந்தது? அது பாட்டியின் கியர் என்றால், அப்பெயரை வாழ்த்தாகவே ஏற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது உபதேசத்தில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. உடல் பழகும் என்பது மெய்யே. ஆனால், எதற்குப் பழகும், எவ்வளவு காலத்தில் பழகும் என்று அவ்வுபதேசம் கூறுவதில்லை. புதிய சாலை மிதிவண்டியில் பழக வேண்டியவை பல உள. குனிந்து வளைந்த கைப்பிடியைப் பற்றும்போது முதுகும் கழுத்தும் புதிய நிலைக்குப் பழக வேண்டும். ஒடுங்கிய இருக்கைக்கு உடல் பழக வேண்டும். பிரேக்கும் கியர் மாற்றியும் ஒரே பிடியில் அமைந்திருப்பதற்கு விரல்கள் பழக வேண்டும். காலணியை மிதியோடு பூட்டும் அமைப்பிருந்தால், நிற்பதற்கு முன்பே காலை விடுவித்துக்கொள்ளும் பழக்கம் வேண்டும்; அதனைப் போக்குவரத்து விளக்கின் அடியில் விழுந்து கற்பதைவிடப் புல்வெளியில் கற்பது மேல். இவையெல்லாம் சில வாரங்களில் கைவரும். தசைகளும் சில வாரங்களில் உரம் பெறும். ஆனால், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களோ தசையைவிட மெதுவாகவே வலிமை பெறுகின்றன. "கால் பழகிவிட்டது" என்று மனம் மகிழும் வேளையில் முழங்கால் இன்னும் பழகியிருக்காது. பழகிப் போகும் என்று நம்பிக் கடுங்கியரை உதைப்பவர் பழகுவதற்கு முன்பே காயமுறுகிறார் என்பதே அவ்வுபதேசத்தின் மறுபாதி.

இருக்கையின் உயரம் பிழையாக இருந்தால் எந்தக் கியரும் காப்பாற்றாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மிதி மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும். பின்னர் முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்காலில் சிறு மடிப்பு தானே அமையும். இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்கால் மிகுதியாக மடங்கி நோகும். உயர்ந்திருந்தால் இடுப்பு இருபுறமும் ஆடும். புதிய வண்டியை மலைக்கு எடுத்துச் செல்லுமுன் முதலில் சரிபார்க்க வேண்டியது இதுவே.

மேடுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. தாப்பாவிலிருந்து கேமரன் மலையின் தானா ராத்தாவுக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுடையது. அதில் ஏறும் உயரம் சுமார் 1,400 மீட்டர். சராசரியாகப் பார்த்தால் 100 மீட்டருக்கு இரண்டு அல்லது மூன்று மீட்டரே உயர்கிறது. நீளம் அச்சுறுத்தினாலும் சரிவு கருணையுடையது. கெந்திங் மலைச் சாலையோ வேறு வகை. கோ தோங் ஜெயாவைக் கடந்தபின் உச்சி வரையிலான பகுதியில் 100 மீட்டருக்கு 10 மீட்டருக்கும் மேல் உயரும் வளைவுகள் பல. 1996இல் தொடங்கிய லங்காவிச் சுற்றுப் பந்தயத்தில் பல ஆண்டுகள் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது இந்த மேடேயாகும். சிங்கப்பூரின் மிக உயர்ந்த இடமான புக்கிட் தீமா ஏறத்தாழ 164 மீட்டரே. சமதரையில் பெருவேகமாக ஓட்டிப் பழகிய அந்நகரத்தார், அதே கியர்களோடு எல்லை கடந்து வந்து கெந்திங் அடிவாரத்தில் நின்றால், அவர்களைத் தோற்கடிப்பது மலையன்று. சமதரைக்கென்று மாட்டிய பற்களே. வண்டிக்குப் பற்சக்கரம் தேர்ந்தெடுப்பவர் தாம் ஏறவிருக்கும் மிகச் செங்குத்தான சாலையை எண்ணித் தேர்ந்தெடுக்க வேண்டும். அதுவும் பயணத்தின் இறுதியில், களைத்த கால்களோடு ஏறுவதாக எண்ண வேண்டும்.

இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. இன்று விற்பனைக்கு வரும் சாலை வண்டிகள் பலவற்றில் முன்னால் 50, 34 பற்களும் பின்னால் 34 பற்கள் வரையிலும் அமைந்தே வருகின்றன. ஆக, இரும்பில் மாற்றம் வந்துவிட்டது. நெஞ்சில்தான் இன்னும் வரவில்லை. அப்பெரிய பற்சக்கரத்தைத் தொடுவதே இழிவெனக் கருதி, சங்கிலி அதன்மேல் ஏறாமலே காலம் கழிப்போரும் உளர். பழைய பந்தய வண்டியைக் கைம்மாற்றாக வாங்கியவர், பின்புறப் பற்சக்கரத் தொகுதியை மட்டும் மாற்றினாலே பெரும் நன்மை உண்டாகும். ஆனால், பின்புறக் கியர் மாற்றி எத்தனை பற்கள் வரை தாங்கும் என்பதற்கு எல்லை உண்டு. சங்கிலியின் நீளமும் பொருந்த வேண்டும். இவற்றைத் தேர்ந்த கடைக்காரரிடம் கேட்டறிந்தே மாற்றுதல் வேண்டும். மாற்றியபின் அதனைப் பயன்படுத்தவும் கற்க வேண்டும். மேடு கால்களை நிறுத்திய பிறகு கியரை மாற்ற முயன்றால் சங்கிலி முனகும். சில வேளை கழன்றும் விழும். மேடு தொடங்குமுன்னரே, மிதியின் அழுத்தத்தைச் சற்றே தளர்த்தி மாற்றுபவர்க்கு அது ஓசையின்றி இசையும்.

எதிர்த்தரப்பினர்க்கு உரிய நியாயத்தையும் மறைக்கலாகாது. சமதரையிலும் இறக்கத்திலும் பெரிய கியர் தேவையே. நன்கு தேறிய ஓட்டுநர், முழங்காலில் குறையில்லாதவர், பயிற்சியின் பொருட்டுச் சிலபோது கடுங்கியரில் ஏறுவதும் தவறன்று. இலகுவான கியரும் எல்லாத் துன்பங்களையும் நீக்கிவிடாது. வேகம் மிகக் குறைந்தால் வண்டி நிலைகொள்ளாமல் தள்ளாடும். அந்நிலையில் இறங்கி நடப்பதே அறிவுடைமை. ஆனால், தம் விருப்பத்தால் கடுமையைத் தேர்ந்துகொள்ளும் வல்லவர் வேறு. பிறர் ஏளனத்திற்கு அஞ்சிக் கடுமையைச் சுமக்கும் புதியவர் வேறு. முன்னவர்க்கு உரிய பயிற்சியைப் பின்னவர்க்கு விதியாக்குவதுதான் கண்டிக்கத்தக்கது.

இது வெறும் வசதியைப் பற்றிய வழக்கன்று, உயிரைப் பற்றியதுமாகும். நிலநடுக்கோட்டை அடுத்த இந்நாடுகளின் புழுக்கத்தில், மெதுவாக மேடேறுபவர்க்கு உடல் வெப்பத்தைத் தணிக்கும் எதிர்க்காற்றும் கிடைப்பதில்லை. அந்நிலையில் ஆற்றலின் எல்லையில் நின்று கடுங்கியரை உதைப்பவரின் வண்டி இடமும் வலமும் அலைகிறது. பின்னால் வரும் பேருந்தும் லாரியும் அவர் வீரத்தை அறியா. உச்சியில் முற்றும் களைத்தவர் இறக்கத்தில் பிரேக்கைப் பிடிக்க வேண்டிய இடத்தில் கவனம் இழக்கிறார். நாற்பதைக் கடந்து புதிதாகத் தொடங்குபவர் மருத்துவரைக் கண்டு இதயத்தின் நிலையை அறிந்துகொண்டு, இலகுவான கியரில், பேச்சு தடைபடாத மூச்சோடு ஏறுவாராயின் மலை அவருக்கு மருந்தாகும். வீம்போடு ஏறுவாராயின் அதே மலை நஞ்சாகும்.

ஆசிரியர்க்கு இக்கருத்து புதியதன்று. முதல் வகுப்பு மாணவனுக்குச் சிறு சொற்களில் பாடம் அமைப்பவரை மொழியின் தரத்தைக் குறைத்தவர் என்று எவரும் கூறுவதில்லை. உச்சியைத் தாழ்த்தாமல் படியைச் சிறிதாக்குவதே கற்பித்தல். செய்யுளின் உயரம் குறையவில்லை; அதனை அடையும் படிகள் பெருகின. கியரும் அத்தகைய படியமைப்பே. மாணவர் மேடேறும்போது அவர்தம் பற்களை எண்ணி நகைப்பவர் நல்லாசிரியர் ஆகார். அவர் எத்தனை ஆண்டுகள் தொடர்ந்து ஏறுகிறார் என்று நோக்குபவரே நல்லாசிரியர்.

எனவே, புதிய மிதிவண்டி வாங்குவோரும் வாங்கச் சொல்வோரும் ஒன்றை உறுதியாகக் கொள்ளட்டும். கியர் மனிதனுக்குப் பொருந்த வேண்டும். மனிதன் கியருக்குப் பொருந்துமாறு முறிக்கப்படலாகாது. குழுவாகச் செல்வோர் புதியவரின் பின்சக்கரத்தைப் பார்த்துச் சிரிப்பதை விடுத்து, அவர் மிதியை நிமிடத்திற்கு எத்தனை முறை சுற்றுகிறார் என்று பார்த்து உதவட்டும். மலைகள் எவர்க்கும் பகையல்ல. கேமரனின் குளிர்ந்த காற்றும் கெந்திங்கின் மேகமும் வலிய கால்களுக்கென்று மட்டும் ஒதுக்கி வைக்கப்பட்டவையும் அல்ல. மேடு வீம்பைக் கேட்பதில்லை; பொறுமையையும் பொருத்தமான பற்களையும் மட்டுமே கேட்கிறது. அவற்றைக் கொடுப்பவர் இளையரேனும் முதியரேனும் உச்சியை அடைவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வண்டியை எடுப்பர்.